எல்லாம் நார்மல்தான், மேலாளர் அவர்களே!

மாண்புமிகு சர்வீஸ் மேலாளர் சமூகத்துக்கு, கம்பம் பள்ளத்தாக்கில் குடியிருந்துகொண்டு ஆட்டோமேட்டிக் கார் வாங்கிய அப்பாவி ஒருவன் அடிபணிந்து எழுதிக்கொள்வது.

நேற்று மாலை காரை ஒப்படைத்தீர்கள். உள்ளே மல்லிகை வாசம், காலடியில் புதுக் காகிதம், ஸ்டியரிங்குக்குப் பாலிதீன் உறை. 'கியர் மாறும்போது குலுங்குகிறது' என்று நான் எழுதிக் கொடுத்த புகாருக்கு நேரே உங்கள் அட்வைசர் தம்பி முத்து முத்தாக எழுதியிருந்தார்: 'நார்மல்'. அதன் கீழே பில். வாட்டர் வாஷ், ஏசி கிருமிநீக்கம், வீல் அலைன்மென்ட். நான் பார்த்தவரை அந்தத் தாளில் நார்மலாக இல்லாதது கூட்டுத்தொகை மட்டும்தான்.

இன்று காலை அந்த நார்மல் காரில் குடும்பத்தோடு குமுளிக்குக் கிளம்பினேன். கூடலூர் தாண்டும்வரை பொறுத்தது. லோயர் கேம்ப்பில் ஏற்றம் பிடித்ததும் ஆரம்பித்தது. ஒன்றிலிருந்து இரண்டுக்கு ஒரு வெட்டு, இரண்டிலிருந்து மூன்றுக்கு இன்னொரு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் உள்ளே இருந்த அத்தனை பேரும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டினோம். வெளியிலிருந்து பார்த்தவர்கள், உங்கள் 'நார்மல்' என்ற தீர்ப்பைக் குடும்பமே ஏகமனதாக ஆமோதிக்கிறது என்றுதான் நினைத்திருப்பார்கள்.

மின்நிலையத்துக்குத் தண்ணீர் இறங்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்தபடி ஏறும்போது, ஒரு வளைவில் முன்னால் போன லாரி நின்றது. நானும் நின்றேன். லாரி நகர்ந்ததும் ஆக்சிலரேட்டரை மிதித்தால் எஞ்சின் உறுமுகிறது, கிளட்ச் தீயும் நாற்றம் வருகிறது, கார் மட்டும் பின்னால் போகிறது. மேற்கே ஓடிய பெரியாற்றைக் கிழக்கே திருப்ப பென்னிகுயிக் ஒரு அணையையே கட்ட வேண்டியிருந்தது, 1895ல்தான் முடிந்தது. மேற்கே போன என்னைக் கிழக்கே திருப்ப உங்களுக்கு ஒரே ஒரு சர்வீஸ் போதுமாக இருந்தது. அந்த வெள்ளைக்காரரின் மணிமண்டபம் கீழேதான் இருக்கிறது. பக்கத்தில் உங்களுக்கும் ஒரு சிலை வைக்க இடம் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

பின்னால் வந்த ஜீப்பின் டிரைவர் குதித்து ஓடி வந்து டயருக்குக் கல் வைத்தார். "ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கண்ணே. பாத்தா புது வண்டியா இருக்கு, என்னாச்சு?"

"நார்மல்தான் தம்பி" என்றேன்.

கம்பம்–குமுளி ரூட்டில் அரசுப் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற என் மச்சான் பக்கத்து சீட்டில் இருந்தார். "ஆறிக் கெடக்கையில ஒழுங்காப் போகுது, சூடேறுனா வெட்டுது, மேட்டுல மூச்சு வாங்குது. கிளட்ச்சைப் பாக்கச் சொல்லு மாப்ள" என்றார். அவரிடம் ஸ்கேனர் இல்லை, முதுகுதான் இருந்தது.

உங்களுக்கே பாடம் எடுப்பதாக நினைக்க வேண்டாம். 2014ல் மாருதி செலேரியோவோடு நம் ஊர்ச் சாலைகளுக்கு வந்து பரவிய, என் காரிலும் இருக்கிற இந்த ஏஎம்டி, பழைய கியர்பாக்ஸும் பழைய கிளட்ச்சும்தான். நம் இடது காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு ஆக்சுவேட்டர், அதை ஏவ ஒரு கணினி. கியர் மாறும் நொடியில் இழுவை அறுந்து லேசாகத் தலை ஆடும். அது பிறவிக் குணம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்கிய புதிதில் லேசாக ஆடிய தலை இப்போது முன் சீட்டில் முட்டுகிறதே, அது யார் கொடுத்த குணம்? கிளட்ச் பிளேட் தேயத் தேய அது கடிக்கும் இடம் நகரும். கணினி பழைய இடத்தையே நினைத்துக்கொண்டிருந்தால் வெட்டத்தான் செய்யும். ஸ்கேனரைச் சொருகிப் புது இடத்தைக் கற்றுக்கொடுக்க வேண்டும். பிளேட் ஒரேயடியாகத் தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். ஆக்சுவேட்டர் எண்ணெய் மட்டம், பேட்டரி வோல்ட், எஞ்சினைத் தாங்கும் மவுன்ட் ரப்பர் இவற்றையும் ஒரு பார்வை பார்க்கலாம். "எரர் கோடு எதுவும் வரல சார்" என்றார் தம்பி. கோடு வராவிட்டால் கோளாறே இல்லையா?

சரி, எங்கே ஓட்டிப் பார்த்தீர்கள்? பைபாஸில். எஞ்சின் சூடாகும் முன்னே, ஒற்றை ஆளாக, ஏசி போடாமல். போடிமெட்டுக்கு 17 கொண்டை ஊசி, மேகமலைக்கு 18. மதுரைக்குப் போவதென்றாலும் ஆண்டிபட்டிக் கணவாயில் ஏறி இறங்க வேண்டும். இந்த ஊரில் சமதளம் தேடிப் பிடித்து டெஸ்ட் டிரைவ் போன உங்கள் உழைப்பு சாமானியமானதல்ல.

யோவ், பின்னால் நின்றது ஏலத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற பெண்களை ஏற்றிய ஜீப்பய்யா! இன்னும் கொஞ்சம் உருண்டிருந்தால் 'நார்மல்' என்று எழுதியவனா வந்து பதில் சொல்லியிருப்பான்? எனக்குத் தெரியாதா உங்கள் கணக்கு? வாரண்டி இருக்கிறவரை நார்மல். முடிந்த மறுநாள், "கிளட்ச் செட்டே போகணும் சார், உங்க டிரைவிங் ஸ்டைல் அப்படி."

மன்னிக்க வேண்டும். திடீரென்று குலுங்கிவிட்டேன். சூடானால் எனக்கும் இது நார்மல்தான். தங்கள் கண்ணாடி அறையின் குளுமையும், அங்கே தரும் ஏலக்காய் டீயும் என்றும் என் நினைவில் நிற்கும்.

கடைசியாக ஒன்று. "கம்பெனியிலருந்து போன் வரும் சார், பத்துக்குப் பத்து போட்டுருங்க, இல்லேன்னா என் சம்பளத்துல கை வெப்பாங்க" என்று அட்வைசர் தம்பி கெஞ்சியிருந்தார். மதியம் போன் வந்தது. நானும் நல்ல மனதோடுதான் ஆரம்பித்தேன். ஒன்று போட்டேன். ஒரு வெட்டு வெட்டி இரண்டுக்குப் போனேன். முக்கி முனகி மூன்றுக்கு வந்தேன். அதற்கு மேல் விழவில்லை. "ஏன் சார், மூணுதானா?" என்று அந்தப் பெண் பதறிப்போய்க் கேட்டார். மேட்டில் நின்று பேசுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
தங்கள் நார்மல் வாடிக்கையாளன்