அண்டாவைத் துலக்குறது யாருலே?

ஏலே பேராண்டி, அந்த லேப்டாப்பை மூடிட்டு இப்படி வந்து உக்காரு. நீ திண்ணையில இருந்து மீட்டிங் பேசுறதைக் கேட்டுக் கேட்டே எனக்குப் பாதித் தொழில் வந்துட்டு.

ஒரே கோடிங்கை நாலு புராஜெக்ட்லயும் காப்பி பேஸ்ட் பண்ணி வச்சிருக்கியாமே? கெட்டிக்காரன்! ஒரு பிழையை நாலு தடவை திருத்தலாம். வேலை பாத்தமாதிரியும் இருக்கும். ஒண்ணை மறந்துட்டேன்னா நடுராத்திரி போன் வரும், அவ்வளவுதான்.

இப்ப எல்லாத்தையும் ஒரே லைப்ரரியில போடப்போறியாக்கும். போடு. ஆனா 1996 ஜூன் 4-ல பிரெஞ்சு கயானாவுல நடந்த கூத்தைத் தெரிஞ்சுட்டுப் போடு. ஏரியான் 4 ராக்கெட்டுல ஒழுங்கா ஓடுனதுதானேன்னு, அதே கோடிங்கைத் தூக்கி ஏரியான் 5-ல வச்சாங்க. புதுசுக்குக் கிடைமட்ட வேகம் அதிகம். 64 பிட் எண்ணை 16 பிட்டுக்குள்ள திணிக்கப் போயி, கிளம்புன சுமார் 30 நொடியில திசை சொல்ற கம்ப்யூட்டர் படுத்துட்டு, ராக்கெட்டு வெடிச்சுட்டு. மாத்துக்கு ஒண்ணு இருந்திருக்குமேங்கியா? இருந்துச்சு. அதுலயும் அதே கோடிங்! அது ஒரு இமை முன்னாடியே படுத்துட்டு. இதுல விசேசம், தரையை விட்டுக் கிளம்புன பொறவு ஏரியான் 5-க்கு அந்தக் கணக்கே தேவையில்ல.

பொதுக் கோடிங்குன்னா நம்ம ஊர்ப்பொது அண்டா மாதிரிதாம்லே. எடுத்துட்டுப் போக ஆள் வரும், துலக்க வராது. ஓபன்எஸ்எஸ்எல்-னு ஒரு பொதுக் கோடிங். பெரிய பெரிய கம்பெனியெல்லாம் ரகசியத்தை அதை நம்பித்தான் வச்சிருந்தான். 2014-ல அதுல ஹார்ட்பிளீட்ங்கிற ஓட்டை வெளிய வந்த பொறவுதான் தெரிஞ்சுது, அதுக்கு வருசத்துக்குச் சுமார் 2,000 டாலர்தான் நன்கொடை வந்துட்டிருந்துச்சுன்னு. 2016-ல லெஃப்ட்-பேட்னு இன்னொரு பொதுக் கோடிங்: மொத்தமே 11 வரி. எழுதுனவரு கோவிச்சுக்கிட்டு என்பிஎம்-ங்கிற பொதுக் கிட்டங்கியில இருந்து எடுத்துட்டாரு. ஊருப்பட்ட புராஜெக்ட் பில்டு ஆகாம நின்னு போச்சு. 11 வரியை எழுத எவனுக்கும் கை வளையல பாரு!

அதனால கேளு. ரெண்டு எடத்துல ஒரே கோடிங் இருந்தாப் பொறுத்துக்க. மூணாவது எடத்துலயும் வந்தாப் பொதுவாக்கு. டெஸ்ட் இல்லாம எதையும் பொதுவுல வைக்காத. வெர்ஷன் நம்பர் போடு. எடுத்தவன் அந்த நம்பர்லயே நிக்கட்டும். அவன் எடத்துல ஓட்டிப் பாத்துட்டு அடுத்ததுக்கு மாறட்டும். எல்லாத்துக்கும் மேல, பாத்துக்கிட ஒருத்தன் பேரை எழுது.

மீட்டிங்ல யாரு பேரை எழுதன்னு கேட்டதும் அத்தனை பேரும் மியூட்டுக்குப் போயிருவான். நீயும் போயிப் பாரு, தப்பிக்க முடியாது. லைப்ரரி யோசனையைச் சொன்னவன் நீதானலே!