மஸ்கட்டுக்கு வேலைக்கா, வேடிக்கைக்கா?

தென்காசிப் பக்கத்து ஆள் வளைகுடாவுக்குப் போகிறான் என்றால் ஒன்று தலைக்கு மேல் கடன் இருக்க வேண்டும், அல்லது கட்டிக்கொடுக்கத் தங்கை இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல், கைக்காசைச் செலவழித்து ஓமானைச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னால் ஊர் நம்புமா? “விசா யாரு எடுத்துக் கொடுத்தா? கையில எவ்வளவு நிக்கும்? சாப்பாடு கம்பெனியா?” கேள்விகள் இந்த வரிசையில்தான் வந்தன. சுற்றுலா விசா என்றேன். “எல்லாரும் அப்படிச் சொல்லித்தாம்லே போவான்” என்று கண்ணைச் சிமிட்டினார் பெரியப்பா.

மஸ்கட்டில், ரூவியில், மச்சினன் இருக்கிறான். பிள்ளைகளின் பெரிய லீவில் வருகிறோம் என்றதும் போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “அத்தான், மே மாசம் வந்தா நானே ஊருக்கு ஓடிரலாமான்னு பாக்கேன். நீங்க துட்டு கொடுத்து வாரோம்ங்கிறீங்க” என்றான். மிகைப்படுத்திச் சொல்கிறான் என்று தள்ளிவிட முடியவில்லை. மஸ்கட்டுக்குத் தெற்கே கடற்கரையில் குரியாத் என்று ஓர் ஊர். 2018 ஜூன் மாதம் அங்கே ஒரு நாள் முழுக்க வெப்பம் 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவே இல்லை. பகல் கணக்கு அல்ல, நடுராத்திரியும் சேர்த்துத்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மதியம் பன்னிரண்டரையிலிருந்து மூன்றரை வரை வெட்டவெளியில் ஆட்களை வேலை வாங்கக் கூடாது என்று அங்கே சட்டமே உண்டு. சம்பளம் வாங்குகிறவனையே நிழலுக்கு அனுப்புகிற வெயிலில், சம்பளம் இல்லாமல் போய் நிற்பது எந்த ஊர் நியாயம்? பயணம் அரையாண்டு லீவுக்குப் போனது.

இதற்குள் வீட்டில் சலாலாவைக் கண்டுபிடித்துவிட்டாள். “ஏங்க, பாலைவனத்துக்கு நடுவுல பச்சைப்பசேல்னு ஒரு ஊராம். ஜூலை, ஆகஸ்ட்ல சாரல் விழுமாம். தென்னை, வாழை, இளநீர்க்கடைகூட இருக்காம்.” எல்லாம் நிஜம். நமக்குக் குற்றாலத்தில் சாரல் தூவும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் ஓமானின் தென்கோடியையும் நனைக்கிறது. வளைகுடா முழுவதிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து, குடை பிடிக்காமல் தூறலில் நிற்கிறார்கள். மழையே பார்க்காதவர்களுக்கு அது சொர்க்கம். ஆனால் வாசலில் குற்றாலத்தை வைத்துக்கொண்டு, மஸ்கட்டிலிருந்தும் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளிப் போய்ச் சாரலில் நனைந்தவன் என்ற பெயர் எனக்கு மட்டுமல்ல, என் பேரன்களுக்கும் நிற்கும். சலாலாவை அடித்தேன்.

அடுத்தது கிழமைத் தகராறு. அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலை முஸ்லிம் அல்லாதவர்கள் காலை எட்டு முதல் பதினொன்று வரை பார்க்கலாம்; வெள்ளிக்கிழமை கிடையாது. தொழுகைக் கூடத்தில் விரித்திருக்கும் ஒற்றைக் கம்பளம் 21 டன் எடை, 600 பெண்கள் நான்கு வருடம் நெய்தது என்று படித்துக் காட்டினேன். “அதைத் துவைக்கிறது யாரு?” என்றாள். கட்டிய கல் இந்தியாவிலிருந்து போன மணற்கல், மூன்று லட்சம் டன் என்ற செய்தியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். தென்னை, மழை, கல் என்று எல்லாமே நம் சரக்காகிவிட்டால் பயணமே ரத்தாகும்.

வெள்ளிக்கிழமைக்கு நிஸ்வா. மஸ்கட்டிலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். பதினேழாம் நூற்றாண்டுக் கோட்டை; அதன் அருகில் வெள்ளி விடியற்காலை ஆட்டுச்சந்தை. வாங்குகிறவர்கள் வட்டமாக உட்கார்ந்திருக்க, விற்கிறவர்கள் ஆட்டைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்து விலை கூவுவார்கள். நம்மூர்ச் சந்தைகளில் ஆடு நிற்கும், நாம் சுற்றுவோம். என்னைக் கேட்டால் அவர்கள் முறைதான் மேல்.

பணத்தில்தான் வீட்டில் பெரிய குழப்பம். “டீ நூறு பைசாவாம், நம்ம ஊரைவிட மலிவு” என்று அவள் மகிழ்ந்தாள். ஒரு ரியாலுக்கு ஆயிரம் பைசா, ஒரு ரியால் இருநூறு ரூபாய்க்கு மேல் என்று கணக்குப் போட்டுக் காட்டியதும், டீயை ஃபிளாஸ்கில் கொண்டுபோக முடியுமா என்று விசாரித்தாள். 1970 வரை மஸ்கட்டில் நம் ரிசர்வ் வங்கி வெளியிட்ட வளைகுடா ரூபாய்தான் புழங்கியது. அரை நூற்றாண்டு தாமதமாகக் கிளம்புகிறோம்.

ஷர்க்கியா மணற்பரப்பில் ஒரு ராத்திரி கூடாரத்தில் தங்குவதாக ஏற்பாடு. மணலில் இறங்குமுன் ஜீப்பின் டயரில் வேண்டுமென்றே காற்றை இறக்கிவிடுவார்களாம், அப்போதுதான் புதையாமல் ஓடும். எங்கள் ஊர் மினிபஸ் எல்லாக் காலத்திலும் அந்தத் தயார் நிலையில்தான் இருக்கிறது.

மூட்டை கட்டும்போது புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் தேறின. கசகசா மட்டும் வெளியே எடுக்கப்பட்டது. அமீரகத்திலும் சவுதியிலும் அது போதைப்பொருள் கணக்கில் வருகிறது. பக்கத்து நாட்டில் போய் எதற்கு வம்பு?

கடைசிவரை நம்பாத பெரியப்பாவை வளைத்தது அஃப்லாஜ். மலையடிவாரத்து ஊற்றிலிருந்து மோட்டார் இல்லாமல், சரிவை மட்டுமே நம்பித் தண்ணீரை ஊருக்குக் கொண்டுவரும் பழைய வாய்க்கால்கள். ஓமானில் இன்னும் சுமார் மூவாயிரம் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை யுனெஸ்கோ 2006-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. நிஸ்வாவில் உள்ள ஃபலஜ் தாரிஸ் அதில் ஒன்று. இன்னாருக்கு இத்தனை நேரம் என்று தண்ணீருக்கு முறை உண்டு. பகலில் நிழலையும் ராத்திரியில் நட்சத்திரத்தையும் பார்த்து நேரம் குறித்தார்கள். முறைத் தண்ணீருக்காக ராத்திரியெல்லாம் வரப்பில் உட்கார்ந்து பழகிய பெரியப்பா நிமிர்ந்துவிட்டார். “அங்கயும் கடைமடைக்காரன் சண்டைக்குப் போவானா? இதை மட்டும் சரியாக் கேட்டுட்டு வாலே.”

நீங்களும் போவதாக இருந்தால் நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் போங்கள். பள்ளிவாசலுக்குத் தலைமுக்காடும் முழுக்கை உடையும் எடுத்து வையுங்கள். வெள்ளிக்கிழமையை ஆட்டுக்கு ஒதுக்குங்கள். ஊரில் கேட்டால் திருப்பதி என்று சொல்லிவிடுங்கள்.