முயற்கொம்புக்கு அளவெடுத்தல்: பறக்காத போர் விமானங்கள் குறித்து ஓர் ஆய்வு

இல்லாத பொருளுக்கும் நம் முன்னோர் முறையாக இடம் ஒதுக்கியிருக்கின்றனர். அணி நூலார் இல்பொருளுவமை என ஒன்றை வகுத்தனர். தருக்க நூலார் முயற்கொம்பையும் ஆகாயத்தாமரையையும் எடுத்துக்காட்டாக வைத்தனர். ஆனால் பழைய பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளை வெட்டி ஒட்டி, எந்த விமானப்படையிலும் இருந்திராத போர் விமானங்களைச் செய்வோரின் கைத்தொழில் இந்த வகைப்பாட்டில் சேராமல் அநாதையாகக் கிடக்கிறது. அக்குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இங்கே நிறுவப்படும் கருத்து ஒன்றுதான்: இருக்கும் விமானத்தைவிட இல்லாத விமானத்துக்கே சான்று அதிகம் வேண்டும்.

அஃது எவ்வாறெனின், முயற்கொம்பில் முயலும் மெய், கொம்பும் மெய். சேர்க்கை மட்டுமே பொய். மாடலிலும் அப்படியே. 1/72 அளவில் ஆறடி விமானி ஓர் அங்குலம் ஆகிறார். இறக்கை ஒரு பெட்டியிலிருந்தும் வால் வேறொரு பெட்டியிலிருந்தும் வரலாம். ஆனால் அந்த ஓரங்குல மனிதர் உட்கார இடம் வேண்டும், சக்கரம் மடங்கி ஒளிய இடம் வேண்டும், ஜெட் எஞ்சினுக்குக் காற்று புக வாய் வேண்டும். ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் மாடலைச் செய்பவருக்கு இந்தக் கவலை ஏதுமில்லை. அது பறந்துவிட்டது, பறந்ததே அதற்குச் சான்று.

பிரிட்டனின் டி.எஸ்.ஆர்-2 குண்டுவீச்சு விமானத்தை எடுத்துக்கொள்வோம். 1964 செப்டம்பர் 27 அன்று முதன்முதலாகப் பறந்தது. 1965 ஏப்ரல் 6 அன்று பட்ஜெட் உரையிலேயே கைவிடப்பட்டது. பறந்தது ஒரே விமானம், 24 முறை. அதை உள்ளபடி செய்ய வெள்ளைப் பெயின்ட் போதும். 1991 வளைகுடாப் போருக்கு அனுப்ப நினைத்தாலோ தொல்லை தொடங்குகிறது. அப்போரில் பிரிட்டிஷ் டொர்னாடோ விமானங்கள் இளஞ்சிவப்பு கலந்த பாலைவன நிறத்தில் சென்றன. ஆகவே இதற்கும் அந்நிறமே. எந்த ஸ்குவாட்ரன்? அது அந்த ஆண்டில் கலைக்கப்படாமல் இருந்ததா? இறக்கையடியில் என்ன தொங்கும்? ஒரு பொய்யைச் சொல்ல இருபத்தாறு ஆண்டு வரலாற்றைப் படிக்க வேண்டியிருக்கிறது.

‘இல்லாத விமானத்தில் யார் தப்புக் கண்டுபிடிப்பது?’ என்பர் மறுப்போர். அற்றன்று. அமெரிக்கப் போர் விமானங்களின் எண் வரிசையில் 18-க்குப் பின் 20 வந்தது, 19-ஐக் காணோம். அந்த ஓட்டையில் டெஸ்டர்ஸ் நிறுவனம் 1986-இல் எஃப்-19 என்றொரு ரகசிய விமானத்தை வழவழப்பான வளைவுகளோடு கற்பித்து, கிட்டாக விற்றது. உண்மையான ரகசிய விமானம் எஃப்-117, 1981 முதலே பறந்துகொண்டிருந்தது. அரசு அதை ஒப்புக்கொண்டது 1988 நவம்பரில். ஆக, இடைப்பட்ட காலத்தில் இல்லாத விமானம் கடையில் கிடைத்தது, இருந்த விமானம் இல்லையென்றிருந்தது. திரை விலகியபோது, மெய்யானது பட்டை தீட்டிய கல்போலத் தட்டையான முகங்களோடு நின்றது. கற்பனை அன்றே பிழையானது. கற்பனை தப்பாகவும் கூடும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

‘இறக்கை தொலைந்து, டிகால் என்னும் ஒட்டுச் சின்னம் மஞ்சளித்து நொறுங்கிய கிட்டை ஒப்பேற்றும் சாக்கு இது’ என்பது அடுத்த தடை. பாதி உண்மை, மீந்த இட்லிதான் உப்புமாவாகிறது. ஆனால் இட்லி உப்புமாவுக்கும் உப்பு அளவு உண்டு. எஞ்சிய உடலுக்கு எந்த இறக்கை பொருந்தும் என்பதைக் கையிருப்பு தொடங்கிவைக்கலாம், முடித்துவைப்பது காரணமே.

ஆதலின் இத்தொழிலைப் பொய்யின்பால் படுத்துதல் பொருந்தாது. அளவை நூலின்பால் படுத்துக. மெய்க்கொம்பை வரைபவன் மாட்டைப் பார்த்து வரைந்துவிடலாம். முயற்கொம்பு செய்யப் புறப்பட்டவனோ முயலைப் பிடித்து, அதன் தலையை அளந்தாக வேண்டும்.