காரவீரர்

அமெரிக்கப் புறநகர்களில், புல்தரைகளெல்லாம் ஒரே மட்டத்தில் கத்தரிக்கப்பட்டு, வாசலுக்கு இரண்டு கார் நின்று, ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கத் தபால்காரர் ஒருவருக்கே சாமர்த்தியம் உண்டு என்று சொல்லத்தக்க வீதிகளில், வீதிக்கு ஒருவராவது காரவீரர் வசிக்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரையில் அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியிலோ கணக்குத் தணிக்கை ஆபீஸிலோ ஒருவருக்கும் தீங்கு நினையாத பரம சாதுவாகக் காலங் கழிப்பார். சனிக்கிழமை பிற்பகல் வந்துவிட்டாலோ, சிவந்த கொடுக்குகளோடு கூடிய ஒரு ஜந்துவின் படம் அச்சிட்ட ஏப்ரனை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "இன்று இரவு நம் வீட்டில் கேஜன் பாஸ்தா, காரம் தாங்காதவர்கள் இப்போதே சொல்லிவிடலாம்" என்று விருந்தாளிகளுக்கு டெலிபோனில் அறிவிப்பார். அந்த அழைப்பில் உபசாரம் கால் பங்கு, சவால் முக்கால் பங்கு.

இந்த அதிகாரம் அவருக்கு எவ்விதம் சித்தித்தது என்று ஆராயப் புகுந்தால், ஆராய்ச்சி பெரும்பாலும் ஒரு வியாபார மகாநாட்டில் போய் முடியும். எப்போதோ ஒரு தடவை கம்பெனி அவரை நியூ ஆர்லியன்ஸுக்கு அனுப்பியது. பகலெல்லாம் பிரசங்க மண்டபத்தில் நித்திரை செய்தவர், இரவில் ஃபிரெஞ்ச் குவார்ட்டர் வீதிகளில் உலாவி, ஏதோ ஒரு போஜன சாலையில் எதையோ உண்டு, கண்ணீர் பெருக நின்று, அந்த க்ஷணத்திலேயே தீட்சை பெற்றுவிட்டார். கேஜன் மக்களின் சொந்த பூமி நியூ ஆர்லியன்ஸ் அன்று. அது அங்கிருந்து மேற்கே, அச்சாஃபலாயாச் சதுப்பு நிலத்தையும் கடந்து, லாஃபயெட், ஒப்பலூஸாஸ் முதலிய ஊர்களைச் சுற்றிப் பரந்திருக்கிறது. அத்தனை தூரம் அவர் போகவில்லை. கம்பெனி கொடுத்த பிரயாணப் படி அதற்கு இடந்தரவில்லை.

அவருடைய சமையலறையில் ஒரு சுவர் முழுவதும் மிளகாய்ச் சாஸ் பாட்டில்கள் அணிவகுத்து நிற்கும். மண்டையோடு, வால் முளைத்த சைத்தான், தீப்பற்றி ஓடும் கழுதை ஆகிய சித்திரங்களை ஒட்டிக்கொண்ட இவற்றில் பத்தில் ஒன்பதின் மூடி இன்னும் திறக்கப்படாதது. திறக்காவிட்டால் என்ன? ஒவ்வொன்றின் உக்கிரமும் அவருக்கு எண்கணக்கில் மனப்பாடம். வில்பர் ஸ்கோவில் என்ற மருந்தியல் நிபுணர் 1912-இல், மிளகாய்ச் சாரத்தைச் சர்க்கரை நீரில் மேலும் மேலும் கரைத்துக்கொண்டே போய், சுவைத்துப் பார்க்கிறவர்களின் நாக்குக்கு உறைப்பு அடியோடு தெரியாமற்போக எத்தனை மடங்கு நீர் தேவைப்படுகிறது என்று கணக்கிட்டு, அதையே காரத்தின் அளவுகோலாக வகுத்தார். ஏவரி தீவில் 1868 முதல் தயாராகிவரும் டபாஸ்கோ சாஸ் 2,500-லிருந்து 5,000 வரை. கரோலினா ரீப்பர் என்ற மிளகாய் சராசரியாக 16 லட்சத்துக்கு மேல். இந்த எண்களை அவர் ஒப்பிக்கும் தோரணையைப் பார்த்தால், அத்தனை லட்சத்தையும் அவரே உட்கொண்டு ஜீரணித்துவிட்டார் என்று தோன்றும். காரத்தை, அது இல்லாமற்போகிற இடத்தை வைத்து அளக்கும் இந்த முறை நம் வீரருக்கு எத்துணைப் பொருத்தமானது என்பதைப் பின்னால் காண்போம்.

விருந்தாளிகள் வந்து சமையலறையிலேயே குழுமிவிட வேண்டும் என்பது அவருடைய விதி. கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க உரிமையில்லை. ஏனெனில் சமையலுக்கு முன் சரித்திரம் உண்டு. வெங்காயம், செலரி, குடைமிளகாய் என்ற மூன்றையும், லூயிசியானாச் சமையற்காரர்கள் தம் மத சம்பிரதாயப்படி மூவொருமை என்றே பக்தியோடு வழங்கும் அந்த மூன்றையும், பலகையில் பரப்பிக் கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் ஆரம்பிப்பார்: இன்று நோவா ஸ்கோஷியா என்று வழங்கும் அகேடியாவில் ஃபிரெஞ்சுக் குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக நிலத்தை உழுது வாழ்ந்ததையும், நிபந்தனையற்ற ராஜபக்திப் பிரமாணம் செய்ய மறுத்த குற்றத்துக்காக 1755 முதல் ஆங்கில அரசாங்கம் அவர்களைக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி நாடு கடத்தியதையும், 10,000 பேருக்கு மேற்பட்ட அந்த அகதிகளில் பலர் கடலிலும் கரையிலும் மாண்டதுபோக, எஞ்சியவர்களில் ஒரு பகுதியார் பத்தாண்டுகள் அலைந்து லூயிசியானாவின் சதுப்பு நிலங்களில் வந்து குடியேறியதையும், அங்கே அகப்பட்ட அரிசியையும் மீனையும் நன்னீர்ச் சிங்கிறாலையும் கொண்டு ஒரு புதுச் சமையலை உண்டாக்கியதையும் சாங்கோபாங்கமாகச் சொல்லுவார். சொல்லும்போது கண்ணீர் வடிப்பார். அது அகேடிய மக்களுக்காக வடித்ததா, வெங்காயத்துக்காக வடித்ததா என்று நிர்ணயிக்கும் சக்தி எனக்கு இல்லை. கேட்கத்தக்க சரித்திரந்தான்; அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கப்பல் லூயிசியானாக் கரையை அடைவதற்குள் அடுப்பிலிருந்த வெண்ணெய் கருகிவிடும்.

இரண்டாவது அத்தியாயம் பால் ப்ருதோமைப் பற்றியது. ஒப்பலூஸாஸ் பக்கத்தில் பதின்மூன்று குழந்தைகளில் கடைக்குட்டியாகப் பிறந்து, நியூ ஆர்லியன்ஸ் சார்ட்டர்ஸ் வீதியில் 1979-இல் கே-பால்ஸ் போஜன சாலையைத் தொடங்கிய அந்த மகா பாகசாஸ்திரி, செம்மீன் துண்டத்தை உருக்கிய வெண்ணெயில் தோய்த்து, மசாலாவில் புரட்டி, கனன்று வெளுத்த வார்ப்பிரும்பு வாணலியில் போட்டுக் கறுக்கவைத்து எடுத்தார். அதன் ருசி 1980-களில் தேசமெங்கும் ஒரு பித்தாகப் பரவி, மெக்ஸிகோ வளைகுடாவில் அந்த மீன் இனமே க்ஷீணித்துவிடும் என்று அஞ்சி வியாபார மீன்பிடிப்புக்குச் சர்க்கார் தடை விதிக்கும்படி ஆயிற்று. நம் வீரர் அதே முறையில் கறுக்கவைப்பது கோழியை. மீனுக்கு நேர்ந்த அந்தக் கதி கோழிக்கு நேராதிருப்பது கோழிப்பண்ணைகளின் புண்ணியம்.

பாஸ்தா மட்டும் இந்தப் புராணத்தில் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டுவிட்டால் அவர் சற்றுச் சுருதி இறங்குவார். பாஸ்தாவோடு அவர் சேர்க்கும் வெள்ளைக் குழம்பின் பூர்வீகம் ரோமாபுரி. அங்கே ஆல்ஃபிரெடோ தி லேலியோ என்பவர் பட்டைச் சேமியாவை வெண்ணெயிலும் பார்மீஸான் சீஸிலும் புரட்டிப் பரிமாறினார். 1920-இல் தேனிலவுக்குப் போன டக்ளஸ் ஃபேர்பாங்க்ஸும் மேரி பிக்ஃபோர்டும் அதை உண்டு மயங்கி, அமெரிக்காவில் அதன் கீர்த்தி பரவக் காரணமானார்கள். கிரீம் சேர்த்தது அமெரிக்கக் கரை. ஆக, சதுப்பு நிலத்துப் பையனுக்கும் ரோமாபுரிப் பெண்ணுக்கும் இருதரப்புப் பெற்றோருக்கும் தெரியாமல் நடந்த ரிஜிஸ்டர் கலியாணந்தான் இந்தப் பண்டம். பிள்ளைகுட்டிகளோடு சௌக்கியமாக இருக்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை.

இனி அடுப்பு. கோழி மார்புத் துண்டங்களில் பாப்பிரிக்கா, கெயன் மிளகாய்த்தூள், கறுப்பும் வெள்ளையுமாக இருவகை மிளகு, பூண்டுத்தூள், வெங்காயத்தூள், தைம், ஆரிகனோ எல்லாம் சேர்ந்த செம்பொடியைப் பூசி, புகை எழும் வாணலியில் இடுவார். இட்ட மாத்திரத்தில் ஒரு செந்நிறப் புகை எழுந்து, முன்வரிசை விருந்தாளிகளின் தொண்டையைப் பிடித்து, கூரையைத் தொட, அங்கே பொருத்தியிருக்கும் புகை எச்சரிக்கை மணி அலறத் தொடங்கும். சாதாரண மனிதர் இதை அபாய அறிவிப்பாகக் கொள்வார். வீரரோ, படைத்தலைவர் பீரங்கி மரியாதையை ஏற்பதற்குரிய முகத்தோடு, கரண்டியை உயர்த்தியபடி அசையாமல் நிற்பார். ஜனவரி மாதத்துப் பனிக்காற்று வீட்டுக்குள் புகும்படி சன்னல்களைத் திறப்பதும், நாற்காலிமேல் ஏறித் துண்டை வீசி மணியை அடக்குவதும் அவருடைய மனைவியின் கைங்கரியம். அந்த அம்மாள் ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்று மணிக்கே நாற்காலியை அந்த மணிக்கு நேர்கீழே கொண்டுவந்து போட்டுவிடுவாள் என்பது வெளியே தெரியாத விஷயம்.

தெரியாத விஷயங்கள் இன்னும் சில உண்டு. கோழி உள்ளே 165 டிகிரி ஃபாரன்ஹீட் சூட்டை எட்டிவிட்டதா என்பதை வீரர் "கைப்பழக்கத்தால்" அறிவதாகச் சொல்லுவார். அவர் முதுகைத் திருப்பியதும் வெப்பமானியைக் குத்திப் பார்க்கிறவள் அந்த அம்மாள். பாஸ்தா வெந்த கஞ்சித் தண்ணீர் குழம்பையும் கொழுப்பையும் பிரியாமல் பிணைக்கும் என்பதை அறிந்து, அவர் அதைச் சாக்கடையில் கொட்டுவதற்கு முன் ஒரு கோப்பை எடுத்து ஒளித்துவைப்பவளும் அவளே. துருவி விற்கும் சீஸில், துணுக்குகள் ஒட்டிக்கொள்ளாதிருக்க ஏதேதோ தூளைத் தூவியிருப்பார்களாகையால், அது கிரீமில் கரையாமல் கட்டிதட்டும் என்று கட்டிச் சீஸாக வாங்கித் துருவுவதும் அவள் பொறுப்பு. தீயைக் குறைப்பது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் மசாலா விஷயத்தில் அவர் யாரையும் தலையிட விடமாட்டார். அது அவருடைய ரகசியக் கலவை. நியூ ஆர்லியன்ஸில் ஒரு வயோதிகர் காதில் ஓதியது. குப்பைத் தொட்டியைக் கிளறும் துர்ப்பழக்கம் உள்ளவர்கள், அந்த உபதேசம் கடையில் விற்கும் தகர டப்பாவில் அடைபட்டு வந்திருப்பதைக் காணலாம். இதில் பிசகில்லை; கேஜன் வீடுகளிலேயே டப்பாத் தூள் உபயோகிப்போர் ஏராளம். ஆனால் அவ்வகைத் தூள்களில் பெரும்பாலும் உப்பே முதற்பொருள். அதை அறியாமல் அவர் பாஸ்தாத் தண்ணீரில் உப்பு, கோழியில் தனி உப்பு, ஏற்கெனவே உப்பும் புகையும் ஊறிய அந்தூயி சாஸேஜ், அதன்மேல் உப்புச் சீஸ் என்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போவார். விருந்தாளிகள் மேசையில் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பதைக் கண்டு, "காரம் பிடித்துவிட்டது, பார்த்தீர்களா!" என்று பூரிப்பார்.

காரம் பிடிக்க வழியேது? கதையின் மர்மம் இங்கேதான் இருக்கிறது. தூளைத் தேக்கரண்டி தேக்கரண்டியாக எல்லோரும் பார்க்கப் போட்டவர், விரல் நுனியில் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துக்கொள்வார். உடனே முகம் சிவக்கும், காது மடல் துடிக்கும், "அடடா, பதம்!" என்பார். பிறகு குளிர்பெட்டிக்குப் போய், அந்நாட்டுச் சட்டப்படி 36 சதவிகிதத்துக்குக் குறையாமல் கொழுப்புள்ள கெட்டிக் கிரீமை எடுத்துவந்து ஒரு கோப்பை ஊற்றுவார். மறுபடி தொட்டுப் பார்ப்பார். இன்னும் அரைக் கோப்பை. விருந்தாளிகள் சன்னல் வழியே பனியை ரசிக்கும் சமயம் பார்த்து, பெட்டியில் மிச்சமிருந்தது முழுவதும். மிளகாயின் உறைப்புச் சத்து நீரில் எளிதில் கரையாது, கொழுப்பில் கரையும்; பாலிலுள்ள கேசின் என்ற புரதம் அதைப் பற்றி இழுத்து நாக்கை விட்டு அகற்றும். ஆகவே அந்தக் குழம்பு வாணலியிலிருந்து இறங்கும்போது, ஸ்கோவில் பெரியவர் சர்க்கரை நீரில் சாதித்ததை நம்மவர் கிரீமில் சாதித்துவிட்டிருப்பார். தைரியம் வெளியில், பாலாடை உள்ளே என்று இரண்டையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்த இந்த ஏற்பாட்டை நான் கோழைத்தனம் என்று சொல்லமாட்டேன். சாப்பிடுவதற்கு மிக இதமாக இருக்கும். உப்பை மன்னித்தால் இரண்டாந்தடவையும் கேட்கலாம்.

இத்தகைய வீரர் ஒருவர் வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை, அடுத்த வீட்டுக்காரருடைய தாயார் வந்திருந்தாள். எழுபது வயதைக் கடந்தவள். ப்ரோ பிரிட்ஜ் ஊர்க்காரி. லூயிசியானாச் சட்டசபை 1959-இல் உலகச் சிங்கிறால் தலைநகரம் என்று பட்டம் சூட்டிய அதே ஊர். வீரர் அன்று சரித்திரத்தைச் சுருக்கிக்கொள்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அதற்கு நேர்மாறாக, எவர் பாட்டன்மாரைக் கப்பலேற்றினார்களோ அவருக்கே 1755-ஐ ஒரு தேதி விடாமல் எடுத்துரைத்தார். அந்த மூதாட்டி இடையிடையே "அப்படியா!" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வாய் உண்டபின்,

"நன்றாயிருக்கிறது, ஷா" என்றாள். அது அவர்கள் ஊரில் பிரியமுள்ளவர்களை விளிக்கும் முறை. "எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு இதையே சிங்கிறால் போட்டுச் செய்வோம். பெரிய அலுமினியத் தட்டிலே பரப்பி அடுப்பிலே வைப்போம். அட்டைப் பெட்டியிலே மஞ்சளாக ஒரு சீஸ் கட்டி வருமே, அதிலே ஒன்றை முழுசாகப் போட்டுவிடுவோம்."

வீரரின் முகத்தில் வேதனை படர்ந்தது. "பெட்டிச் சீஸா? மன்னிக்க வேண்டும், அம்மா. அது அசல் கேஜன் முறை ஆகாதே!" என்றார். பிறகு அசல் முறை யாது என்பதைக் கால்மணி நேரம் அவளுக்கு விளக்கினார்.

"எங்க அம்மாவுக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தரலையே, ஷா" என்று கிழவி அனுதாபத்தோடு சொல்லிவிட்டு, மண்டையோட்டுப் பாட்டில்கள் நிறைந்த சுவரை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தன் கைப்பையைத் திறந்து ஒரு சிறு டபாஸ்கோ பாட்டிலை வெளியே எடுத்து, தட்டு முழுவதும் செந்நிறமாகும்படி உதறி உதறித் தெளித்துக்கொண்டு, மரியாதைக்காக அவர் பக்கமும் நீட்டினாள். மறுக்க வழியில்லை. ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரும் தெளித்துக்கொண்டார், ஒரு கவளம் உண்டார், ரொட்டி அடுப்பில் வைத்திருப்பதாக ஏதோ சொல்லி எழுந்தார். சமையலறையில் குளிர்பெட்டிக் கதவு திறக்கிற சத்தமும், ஒரு மனிதர் மூச்சு விடாமல் பால் குடிக்கிற சத்தமும் கேட்டன. கிழவி கேட்காததுபோல் இரண்டாந்தடவை பரிமாறிக்கொண்டாள்.

அந்த மாலைக்குப் பிறகு அவருடைய சனிக்கிழமைச் சரித்திரத்தில் மூன்றாவது அத்தியாயம் ஒன்று சேர்ந்திருக்கிறது. அகேடிய அகதிகளுக்கும் பால் ப்ருதோமுக்கும் அடுத்தபடியாக, ப்ரோ பிரிட்ஜிலேயே பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டி தம் பாஸ்தாவை ருசித்துவிட்டு வாயடைத்துப்போய் மறுபடி கேட்டு வாங்கி உண்ட வரலாற்றை அவர் வெங்காயம் நறுக்கியபடியே கூறுகிறார். கைப்பையிலிருந்த பாட்டிலைப் பற்றி அதில் பிரஸ்தாபம் இல்லை.