பழுது வயதில் இல்லை ஐயா, வாஷரில் இருக்கிறது

அனுப்புநர்:
பழைய டீசல் பிக்கப் ஒன்றின் உரிமையாளர்,
டி.என். 48, ஸ்ரீரங்கம், திருச்சி.

பெறுநர்:
மேன்மைமிகு மத்திய சாலைப் போக்குவரத்து மற்றும் நெடுஞ்சாலைகள் அமைச்சகம்,
டிரான்ஸ்போர்ட் பவன், புது தில்லி.

பொருள்: விடியற்காலையில் ஸ்டார்ட் ஆகாமை – வண்டி, திட்டம் இரண்டும் குறித்து.

பார்வை: சைலன்சரில் வராத புகை.

ஐயா,

எட்டரை, கோப்பு கிராமங்களின் மல்லிகையை விடிவதற்குள் சாத்தார வீதியில் இறக்குவதும், அங்கிருந்து காவிரிப் பாலம் தாண்டி காந்தி மார்க்கெட்டுக்கு ஓடுவதும் என் பிழைப்பு. வண்டிக்கு வயது இருபதை நெருங்குகிறது. பகலில் ஒரு தட்டில் பிடிக்கும் என்ஜின், காலையில் மட்டும் "கர்ர்… கர்ர்…" என்று சுற்றிக்கொண்டே இருந்தது. தெருவில் தூக்கம் கெட்டவர்கள் எல்லாம் உங்கள் பெயரைச் சொல்லித்தான் அறிவுரை சொன்னார்கள்: "பதினஞ்சு வருஷம் தாண்டிருச்சுல்ல, ஸ்கிராப்புக்குப் போட்டுருங்க. கவர்மென்டே சொல்லுது."

வீணை வாசித்து, பசுவும் யானையும் வந்து நிற்க, பெருமாளையே பக்குவமாக எழுப்புகிற ஊர் இது. கிழட்டு டீசல் என்ஜினை மட்டும் சாவி திருப்பிய கையோடு எழுந்திரு என்றால் எப்படி? அதற்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இருபதில் ஒரு பங்காக அமுக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்க வேண்டும். செல்ஃப் வேகமாகச் சுற்ற வேண்டும், டீசல் நேரத்துக்கு வர வேண்டும், ரிங் தேயாமல் இருக்க வேண்டும். ஹீட்டர் பிளக் வைத்த என்ஜினென்றால் அதுவும் பழுக்க வேண்டும். இந்தப் பட்டியலில் "உற்பத்தியான ஆண்டு" என்று ஒன்று இல்லை.

பனி என்றார் ஒருவர். திருச்சி மார்கழியைக் குளிர் என்றால் சிம்லாக்காரர் சிரிப்பார். நாலு ஹீட்டர் பிளக்கையும் மாற்று என்றது ஒரு கடை. பம்ப்பையே இறக்கணும் என்றது இன்னொன்று. கடைசியில் பால்பண்ணைப் பக்கத்து மெக்கானிக் பாய் வந்தார். ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: "செல்ஃப் அடிக்கிறப்ப பின்னாடி புகை வருதா தம்பி?"

அந்த ஒரு கேள்விக்குள் பாதி வைத்தியம் இருக்கிறது. சுற்றும்போது வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை. அப்போது ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், பம்ப் டைமிங் என்று தேட வேண்டும். புகையே இல்லையென்றால் டீசலே போய்ச் சேரவில்லை. என் வண்டியில் புகை இல்லை. ஸ்டாப் கேபிள் பாதியில் சிக்கி நிற்கிறதா என்று பார்த்தார், இல்லை. பேட்டரி டெர்மினலைச் சுரண்டினார், எர்த் வயரை இறுக்கினார். செல்ஃப் சுறுசுறுப்பானது, புகை மட்டும் வரவில்லை. ஃபில்டர் மேலே இருக்கும் ஹேண்ட் பிரைமரை அமுக்கினார். கட்டை விரலுக்குக் கீழே காற்றுத் தலையணை மாதிரி பொதபொதவென்று இறங்கியது. அது இறுகும்வரை அடித்துவிட்டுச் சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

"ஏர் இழுக்குது," என்றார். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் போகிற லைன், உறிஞ்சுகிற பக்கம். அங்கே ஓட்டை இருந்தாலும் டீசல் சொட்டணும் என்பதில்லை. வெளிக்காற்று உள்ளே போகும், ராத்திரி முழுக்க டீசல் மெல்ல டேங்குக்கே திரும்பிவிடும். வண்டியின் அடியில் ஒரு சொட்டு ஈரமும் இருக்காது. கொள்ளிடக் கரைச் சரிவில் மூக்கு மேலே தூக்கி நிறுத்திய நாட்களில் தொல்லை கூடியதற்கும் அதுதான் காரணம். நடுவில் ஒரு துண்டு கண்ணாடி டியூப்பை மாட்டி டார்ச் அடித்தார். குமிழி குமிழியாக ஓடியது. தேய்ந்த செம்பு வாஷர் ஒன்று, வெடித்த ரப்பர் ஹோஸ் ஒரு சாண். வேலை அவ்வளவுதான்.

இனி உங்கள் வண்டிக்கு வருகிறேன், ஐயா.

பழைய வண்டிகளைக் கழிக்கும் திட்டத்தை 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் அறிவித்தீர்கள். ஆகஸ்ட் 13 அன்று குஜராத் முதலீட்டாளர் மாநாட்டில் பிரதமர் தொடங்கி வைத்தார். செல்ஃப் நன்றாகவே சுற்றியது. கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் 1 முதல் தானியங்கிச் சோதனை நிலையம் கட்டாயம் என்றீர்கள். பிடிக்கவில்லை. 2024 அக்டோபர் 1 என்று மறுபடி சாவி திருப்பினீர்கள். அறிவிக்கை வந்த வேகத்தில் நிலையம் வரவில்லை. பாய் பாஷையில் இது வெள்ளைப் புகை: டீசல் போகுது, எரியல. உங்கள் திட்டத்துக்கு அப்போது வயது பதினைந்து இல்லை, நான்குகூட ஆகவில்லை. ஆனாலும் அதை யாரும் ஸ்கிராப்புக்குப் போடச் சொல்லவில்லை. தள்ளிவிட்டுப் பார்க்கலாம் என்றுதான் நாடு பொறுத்திருந்தது. அதே பொறுமை எங்களுக்குக் கிடையாது. எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று ஒரு நாள் தாமதமானால் 50 ரூபாய் என்று 2021 அக்டோபரிலேயே எழுதிவிட்டீர்கள். பதினைந்து வயது தாண்டிய லாரி, பஸ்ஸுக்குச் சான்றுக் கட்டணம் 12,500 ரூபாய் என்றும் அதிலேயே இருந்தது. அரசு வண்டிகளுக்கோ 2023 ஏப்ரல் முதல் கேள்வியே இல்லை. பதினைந்து முடிந்தால் பதிவுப் புதுப்பிப்பு கிடையாது. ஸ்டார்ட் ஆகிறதா என்றுகூட யாரும் கேட்பதில்லை.

கழித்துப் போட்டால் புது வண்டியின் எக்ஸ் ஷோரூம் விலையில் 4 முதல் 6 சதவீதம் கைக்கு வரும் என்று கணக்குச் சொன்னீர்கள். பாக்கி 94 சதவீதத்துக்கு நான் எத்தனை முகூர்த்தம் மல்லிகை ஏற்ற வேண்டும் என்ற கணக்கையும் உங்கள் துறையிலேயே யாராவது போட்டுக் கொடுத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பிரேக் சோதனையில் எனக்குத் தகராறு இல்லை. பிரேக் பிடிக்காத லோடு வண்டி காவிரிப் பாலத்தில் இறங்கக் கூடாது; அதில் வயது, வறுமை எதுவும் பார்க்க வேண்டாம். புகைச் சோதனையும் வேண்டும்தான். பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிக்கு 65 ஹார்ட்ரிட்ஜ், பி.எஸ். 4-க்கு 50 என்று அளவு வைத்திருக்கிறீர்கள், நியாயம். ஆனால் அதையெல்லாம் என்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு பார்க்கிறீர்கள். சூடான பிறகு எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். ரிங் தேய்ந்ததா, வாஷர் தேய்ந்ததா என்பது காலைக் குளிரில், முதல் சாவியில்தான் தெரியும். அந்த நேரத்தில் சோதனை நிலையம் திறந்திருப்பதில்லை.

ஆகவே ஒரே ஒரு கோரிக்கை. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லும் ஒரு வரியைத் தகுதிச் சோதனையில் சேருங்கள். கட்டணத்தை அதன் முடிவை வைத்து விதியுங்கள், பிறந்த வருஷத்தை வைத்து வேண்டாம். என் எஃப்.சி. பங்குனியில் முடிகிறது, அதற்குள் உத்தரவு வந்தால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
லோடு வண்டிக்காரன்.

இணைப்பு: தேய்ந்த செம்பு வாஷர் – 1.