இரட்டைக்குழல் பிக்கப்

பெங்களூர் காக்ஸ் டவுன் மகாஜனங்களுக்கு ஒரு நற்செய்தி. நம் பேட்டையில் ஓடும் பழைய டாடா 207 பிக்கப் ஒன்றுக்கு இரண்டாவது குழாய் முளைத்திருக்கிறது. வண்டியின் இடது கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்கள். பின் விளக்கு ஒன்றுதான் எரிகிறது. டயரில் பட்டன் தேய்ந்து மொழுமொழுவென்று இருக்கிறது. இத்தனையும் கிடக்க, ஓனர் பணம் போட்ட இடம் வால் பக்கம். இரண்டு குரோம் குழாய்கள், ஆளுக்கொரு பக்கமாக, பளபளவென்று நம்மைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கின்றன.

இந்த இரண்டாவது குழாய் என்ன வேலை செய்கிறது என்று விசாரித்தேன். ஒரு வேலையும் செய்யவில்லை. 207-ன் இன்ஜினில் நாலு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கின்றன. நாலும் ஒரே மேனிஃபோல்டில் புகையைத் துப்புகின்றன. வெளியே வர ஒரே வழி. அமெரிக்காக்காரன் தன் பழைய பிக்கப்புக்கு இரட்டைக் குழாய் வைக்கிறான் என்றால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. அவனுடையது வி-8. பக்கத்துக்கு நாலு சிலிண்டர், பக்கத்துக்கு ஒரு மேனிஃபோல்டு. இரண்டு வரிசைக்கும் தனித்தனிக் குழாய் விட்டு, நடுவில் ஒரு குறுக்குக் குழாயால் இணைத்தால் புகை தடையில்லாமல் போகும், இழுவையும் கொஞ்சம் கூடும். நம்ம ஆள் செய்தது என்ன? ஒரே குழாயை வால் வரைக்கும் கொண்டுவந்து, கடைசி மூன்றடியில் கவட்டையாகப் பிரித்து விட்டிருக்கிறார். ஒற்றைக் குழாயடியில் இரண்டு வாளி வைத்தால் காவேரித் தண்ணீர் இரட்டிப்பாக வந்துவிடுமா?

குழாயோடு நிறுத்தியிருந்தால் அலங்காரம் என்று விட்டுவிடலாம். சைலன்சரின் குடலையும் உருவியாயிற்று. உள்ளே துளை போட்ட குழல்களும் தடுப்புத் தகடுகளும் அறை அறையாக இருக்கும். அவற்றில் சத்த அலைகள் மோதித் திரும்பி, ஒன்றையொன்று தின்று அடங்கும். ரீவ்ஸ் சகோதரர்கள் அமெரிக்காவில் இதற்கு 1897-ல் காப்புரிமை வாங்கினார்கள். ஒன்றேகால் நூற்றாண்டுக்கு முன் மனுஷன் யோசித்து உள்ளே வைத்ததை, கட்டிங் மெஷினால் ஒரு மதியத்தில் வெளியே எடுத்துவிடலாம். இதற்கு சிவாஜிநகர் குஜரியிலிருந்து ஜே.சி. ரோடு வரைக்கும் ஆள் இருக்கிறது. அப்படி ஒரு வெல்டிங் பட்டறையில் நின்று கேட்டேன்.

"ஏம்பா, இதனால பவர் ஏறுமா?"

"பவர் எங்கண்ணா ஏறும்? சவுண்டு ஏறும். சக்கத்தா இருக்கும். கஸ்டமருக்கு அதுதாண்ணா பவரு."

"கழட்டின பழைய சைலன்சரை எடைக்குப் போட்டுருவியா?"

"ஐயோ, அதப் போடக் கூடாதுண்ணா. எஃப்.சி.க்கு வேணும்ல?"

அந்தப் பையன் கர்நாடகப் போக்குவரத்து நிர்வாகத்தை ஒரே வரியில் சொல்லி முடித்துவிட்டான். எட்டு வருஷம் தாண்டிய சரக்கு வண்டி வருஷத்துக்கு ஒரு முறை தகுதிச் சான்று வாங்க வேண்டும். அன்று காலை பழைய சைலன்சர் வண்டிக்கு ஏறும். அதிகாரி பார்ப்பார், வண்டி பூனை மாதிரி உறுமும், சான்று கிடைக்கும். சாயங்காலம் சைலன்சர் பரணுக்குப் போகும், இரட்டைக் குழாய் தெருவுக்கு வரும். மிச்சமிருக்கும் 364 நாளுக்கும் சேர்த்து அந்த ஒரு நாள் வண்டி தகுதியாக இருந்தது என்று அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுக்கிறது.

எமிஷன் டெஸ்டாவது பிடிக்குமே என்பீர்கள். டீசல் வண்டிக்கு அங்கே அளப்பது புகையின் அடர்த்தி. சத்தத்தை அளக்க அந்தப் பெட்டிக்குக் காது கிடையாது. இரண்டு குழாயில் எதற்குள் கம்பியை விடுவது என்பது மட்டும்தான் அங்கே எழக்கூடிய சந்தேகம். எதற்குள் விட்டாலும் சீட்டு ஒன்றுதான்.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அடித்துச் சொன்னது. அதே ஆண்டு சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஓனருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை என்றார்கள். (இரண்டு குழாய் என்றால் இரண்டு மாற்றமா, ஒன்றா? வக்கீல்கள் சாவகாசமாகச் சண்டை போடட்டும்.) சத்தத்துக்கும் புகைக்குமான வரம்பை மீறி ஓட்டினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் ரத்து. ஒலி மாசு விதிகள் 2000-ஆம் ஆண்டிலேயே வந்தாயிற்று. குடியிருப்புப் பகுதியில் இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை 45 டெசிபல் தாண்டக் கூடாது. இந்தப் பிக்கப் வரும்போது அந்த 45 எங்கே போய் ஒளிந்துகொள்கிறதோ, அதைக் கண்டுபிடிப்பவருக்கு நான் மசால் தோசை வாங்கித் தருகிறேன்.

அபராதம் எழுதினாலும் என்ன? நம் அரசாங்கத்துக்கு ஆடி மாதம் எப்போது வேண்டுமானாலும் வரும். 2023 பிப்ரவரியில் நிலுவையில் இருந்த போக்குவரத்து அபராதங்களுக்கு ஐம்பது சதவீதத் தள்ளுபடி. 2025 ஆகஸ்டில் மறுபடியும் ஐம்பது சதவீதம். வசூலான கோடிகளைப் பத்திரிகைகள் சாதனையாகவே எழுதின. ஒழுங்காக அன்றைக்கே முழு அபராதம் கட்டினவன்தான் இந்தக் கணக்கில் முட்டாள். குற்றத்தைச் சேர்த்து வைத்துப் பண்டிகைக்கு மொத்தமாகக் கட்டுகிறவன் புத்திசாலி வாடிக்கையாளர்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2011-ல் ஏழு பெருநகரங்களில் எழுபது ஒலி அளக்கும் நிலையங்களை வைக்கத் தொடங்கியது. பெங்களூரும் அதில் ஒன்று. கருவி இரவும் பகலும் கேட்டுக் குறித்து வைக்கிறது. நோயாளிக்குத் தினமும் காய்ச்சல் பார்த்து எழுதிவிட்டு மருந்து தராமல் போகிற ஆஸ்பத்திரியை என்னவென்று சொல்வீர்கள்? இதையும் அப்படியே சொல்லுங்கள்.

வண்டி போகிற பாதையையும் கொஞ்சம் பாருங்கள். 1803-ல் நடந்த ஒரு பீரங்கிச் சண்டையின் பேரைச் சுமந்துகொண்டு இத்தனை காலம் சும்மா கிடந்த அஸ்ஸாயே ரோட்டுக்கு இப்போதுதான் பேருக்கேற்ற சத்தம் வாய்த்திருக்கிறது. பாட்டரி ரோட்டு ரயில் பாலத்தின் அடியில் நுழையும்போது ஆக்ஸிலேட்டரை இரண்டு தரம் கூடுதலாக மிதிக்கிறார்கள். எதிரொலி அங்கே இலவசம். அங்கிருந்து அல்சூர் ஏரிப் பக்கம். அங்கே நிற்கும் வள்ளுவர் சிலையை 1991-லிருந்து 18 வருஷம் மூடிக் கட்டி வைத்திருந்து 2009 ஆகஸ்டில்தான் திறந்தார்கள். அவிழ்த்த துணியில் அவர் காதுக்காவது கொஞ்சம் விட்டு வைத்திருக்கலாம்.

விடிகாலை நாலு மணிக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டு இன்னொரு 207 நம் மார்க்கெட்டுக்கு வருகிறது. ஒரே குழாய், ஒழுங்கான சைலன்சர். அதன் டிரைவர் நோ என்ட்ரி நேரத்தில் ஐந்து நிமிஷம் தாண்டிவிட்டால் போதும், மடக்கி நிறுத்தி, சாவியைப் பிடுங்கி, இன்சூரன்ஸ் எங்கே, பர்மிட் எங்கே என்று தோண்டுகிறார்கள். அவன் இறங்கி நின்று கையெடுத்துக் கும்பிடுகிறான். இரட்டைக்குழல்காரனை மட்டும் யாரும் நிறுத்துவதில்லை. அவன் முன் கண்ணாடியில் ஒரு தலைவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருக்கிறார். விசிலை அடக்குகிற சைலன்சர் அங்கே ஒட்டியிருக்கிறது.

சிரிப்பு இதோடு போதும். நைட் ஷிப்ட் முடித்து வந்து படுத்த நர்ஸ் பதறி எழுகிறாள். நெஞ்சுவலிக்காரர் எழுந்து உட்கார்ந்து தண்ணீர் கேட்கிறார். அரை மணி நேரம் தட்டித் தூங்க வைத்த குழந்தை வீறிட்டு அழுகிறது, அம்மா முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள். காது கொடுக்க விரும்பாதவன் காதில் சத்தத்தைத் திணிக்க எவனுக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையிலேயே தீர்ப்பு எழுதிவிட்டது. தீர்ப்பு அலமாரியில் தூங்குகிறது. இந்தப் பேட்டையில் நிம்மதியாகத் தூங்குவது அது ஒன்றுதான். நாங்கள் வீட்டு வரி கட்டுகிறோம், ரோட்டு வரி கட்டுகிறோம், ஓட்டுப் போடுகிறோம். ஒருவனுடைய மூன்றடிக் குழாய்க்கு முன்னால் இத்தனை இலாகாவும் வாய் பொத்தி நிற்பதைப் பார்க்கவா?

போக்குவரத்துப் போலீஸ் ஐயாமார்களே, ஆர்.டி.ஓ. ஐயாமார்களே, எஃப்.சி. மைதானத்தில் காலைப் பத்து மணிக்கு அளந்தது போதும். ஒரு ஒலிமானியை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை இரவு பதினோரு மணிக்கு வீலர் ரோடு முனையில் வந்து நில்லுங்கள். வண்டி தானாக வரும். தேட வேண்டாம், தூரத்திலேயே கேட்கும். கண்ணாடியில் யார் சிரித்தாலும் நிறுத்துங்கள். 5,000 ரூபாயைத் தள்ளுபடி இல்லாமல் வாங்குங்கள். வெல்டிங் வைத்த ஆளையே வரவழைத்து, இரண்டு குழாயையும் அந்த இடத்திலேயே அறுத்தெடுக்கச் சொல்லுங்கள். அறுக்கும் கூலியும் ஓனர் தலையில்.