பனியனோடு பனிமலைக்குப் போகும் மாப்ளைக்கு

வா மாப்ள, உக்காரு. கேதார்கந்தா போறியாமுல்ல. உங்கம்மா போன்ல சொன்னா, பாதி பெருமையா, பாதி பயமா. டிசம்பர் மாசம், சாங்க்ரியில இருந்து நடை, உச்சி 12,500 அடி, போற வழியெல்லாம் பனி. போய்ட்டு வா. மெட்ராஸ்ல ஏசியை 18ல வச்சுட்டு ரெண்டு போர்வை போத்தித் தூங்குற ஆளு, குளிரைத் தேடி உத்தராகண்ட் வரைக்கும் போறதுல ஒரு தப்பும் இல்ல.

பையைத் தொறந்து பாத்தேன், கோவிச்சுக்காத. எடுத்தவுடனே ஆறு திருப்பூர் பனியன் கைக்கு வந்துச்சு. "பருத்திதான் மாமா உடம்புக்கு நல்லது"ங்குற. யாரு இல்லேன்னா? மதுரையில நல்லது. சித்திரை மாசம் ரொம்ப நல்லது. வேர்வையைக் குடிச்சு வச்சுக்கிட்டு ஆற அமரக் காயும், அந்த ஈரம் உடம்பைக் குளுத்தும். பாவம், பனியனுக்கு ஊரு தெரியாது. அங்கயும் அதே வேலையைத்தான் பாக்கும். ஏத்தத்துல ஏறுறப்ப பனியிலயும் வேர்க்கும் மாப்ள. உச்சிக்குப் போயி செல்ஃபி எடுக்க நிப்ப. காத்து வீசும். நனைஞ்ச துணி உன் உடம்புச் சூட்டை உறிஞ்சிக் காத்துக்கிட்ட ஒப்படைச்சுரும். பல்லு தந்தியடிக்கும். போட்டோவுல அது சிரிச்ச மாதிரிதான் விழும், லைக்குக்குக் கொறைவிருக்காது.

அதனால மேல போடுற கோட்டுக்குச் செலவழிக்கிறதுக்கு முன்னாடி, உடம்பத் தொடுற துணியப் பாரு. மெரினோ ஆட்டுக் கம்பளியில செஞ்சதா வாங்கு. எனக்கென்ன தெரியும், மன்னவனூர்ல ஆட்டுக்குப் பின்னாடி திரிஞ்ச கிழவன். ஆனாலும் சொல்றேன். 1965லயே மத்திய அரசு எங்க ஊர்ல செம்மறி ஆராய்ச்சிப் பண்ணை வச்சாச்சு. அங்க நிக்குற பாரத் மெரினோ, ராஜஸ்தான் பக்கத்து ஆட்டோட ராம்பூலேயையும் சோவியத் மெரினோவையும் கலந்து உண்டாக்குன இனம். நீ வர்றப்பெல்லாம் அதுகூட நின்னு படம் எடுத்து "சோ க்யூட்"னு போடுறியே, ஒரு நாளாவது அதோட முதுகுல ரோமத்தைப் பிரிச்சுப் பாத்திருக்கியா? மேல பூராம் அழுக்கு. உள்ள பாலு மாதிரி வெள்ளை, சுருள் சுருளா. அந்தச் சுருளுக்குள்ள காத்து மாட்டிக்கிட்டு நிக்கும். கதகதப்பு அந்தக் காத்துலதான் இருக்கு. கம்பளி தன்னோட எடையில மூணுல ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தை இழைக்குள்ள வாங்கிக்கிட்டும் தொட்டா சொதசொதன்னு இருக்காது. வாங்குறப்பவே லேசாச் சூட்டையும் விடும்.

"கம்பளி குத்துமே மாமா"ன்னு மூஞ்சியைச் சுளிக்கிற. எங்கப்பாரு சந்தையில வாங்குன கருங்கம்பளியை நெனச்சுக்கிட்டுச் சொல்ற. அது சட்டைக்கு மேல போத்துறது, சட்டைக்கு உள்ள போட்டவன் எவனும் உருப்படியாத் தூங்குனதில்ல. குத்துறதும் குத்தாததும் இழையோட தடிமன்ல இருக்கு. உன் தலைமுடி சுமாரா 60, 70 மைக்ரான் இருக்கும். இப்ப வேணா கொஞ்சம் மெலிஞ்சிருக்கலாம், நான் ஒண்ணும் சொல்லல. 30 மைக்ரானைத் தாண்டுன கம்பளி இழை முனை வளையாம நின்னு தோலைக் குத்தும். மெரினோ இழை அதுல பாதிக்குச் சித்த மேல, தோல்ல பட்டவுடனே மடங்கிக் குடுத்துரும். உடம்போட ஒட்டிப் போடுறதுக்கு 19க்குள்ள தேடு. 17.5, 18.5னு அட்டையில போட்டிருப்பான். அதுக்கும் கீழ போனா பட்டு மாதிரி இருக்கும், விலையும் பட்டு மாதிரியே இருக்கும், ஒரு முள்ளுச் செடியில உரசுனா ஓட்டையும் விழும்.

கடையில எல்லாப் பயலும் துணியை உள்ளங்கையில தேச்சுப் பாத்துட்டு "ஆகா, மெத்து மெத்துன்னு இருக்கு"ம்பான். உள்ளங்கைத் தோல் தடிமன், அதுக்கு இந்தக் குத்தல் தெரியாது. கழுத்துல வச்சுத் தேயி. இல்லாட்டி முழங்கையோட உள்பக்கம். அங்க சம்மதம் கெடச்சா பில்லுப் போடச் சொல்லு. பொண்ணு பாக்கப் போனப்ப இதுல கால்வாசி நேரம்கூட நீ எடுத்துக்கல, இங்கயாவது நின்னு நிதானமாப் பாரு.

அப்புறம் அட்டையைத் திருப்பு. முன்னாடி பெருசா ஆட்டுப்படம் இருக்கும். பின்னாடி பொடி எழுத்துல மெரினோ 10 சதவீதம், மிச்சம் அக்ரிலிக்னு இருக்கும். ஆடு அந்த வழியா நடந்து போயிருக்குன்னு வேணா வச்சுக்கலாம். நூத்துக்கு நூறு மெரினோ இருந்தா சந்தோஷம். பத்துப் பதினஞ்சு சதவீதம் நைலான் கலந்திருந்தாலும் ஏமாத்து இல்ல, பை வார் உரசுற தோள்ல கிழியாம இருக்கத்தான் அது.

எடைக்கு வருவோம். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்னு ஒரு கணக்கு, ஜிஎஸ்எம்ங்கிறான். 150 மெல்லிசு, 200 நடுத்தரம், 250 கனம். நீ நேரா 250ல கை வைப்ப, எனக்குத் தெரியும். நியூசிலாந்துல ஷ்ரெக்குன்னு ஒரு மெரினோக் கிடா, ரோமம் வெட்டுறவன் கையில சிக்காம ஆறு வருஷம் குகையில ஒளிஞ்சிருந்துச்சு. 2004ல பிடிச்சு, டிவியில நேரலையா வெட்டுனாங்க, 27 கிலோ வந்துச்சு. அத்தனையையும் போட்டுக்கிட்டு அது மலை ஏறல, பாத்துக்க. குகையிலதான் இருந்துச்சு. நடக்கிறவன் உடம்பு தானே அடுப்பு மூட்டிக்கும். கனமாப் போட்டு உள்ள வெந்து வேர்த்தா, நின்ன எடத்துல அந்த வேர்வையே எமன். அதனால நடக்கிறதுக்கு 200. உனக்கு மாடிப்படி ஏறுனாலே வேர்க்கும், 150 எடுத்தாலும் மாமன் வையமாட்டேன். பொறப்படுறப்பக் கொஞ்சம் குளிரணும், பத்து நிமிஷத்துல சரியாப்போகும். 250 ராத்திரிக்கு. முகாமுக்கு வந்ததும் ஈரத்தைக் கழட்டிட்டு, பையில காஞ்சு கெடக்குற அந்த ஜோடியை மாட்டிக்கிட்டு ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள போ. நடக்க ஒண்ணு, படுக்க ஒண்ணு. ஆறு பனியன் அளவுக்கு எடம் அடைக்காது.

அளவு உடம்போட ஒட்டி இருக்கணும், தொளதொளன்னு இருந்தா வேர்வை துணிக்கு வராது. தொப்பைக்குன்னு ஒரு சைஸ் கூட எடுக்காத, மெரினோ இழுத்துக் குடுக்கும். குனிஞ்சா இடுப்பு தெரியாத நீளம் வேணும். கழுத்துல ஜிப்பு இருந்தா ஏத்தத்துல தொறந்து விட்டுக்கலாம். அம்புட்டுத்தான்.

பாலியஸ்டரை நான் பழிக்கல. விலை கம்மி, சீக்கிரம் காயும், அடிச்சாலும் கிழியாது. கொழுக்குமலைக்கு ஒரு நாள்ல ஏறி எறங்குறவனுக்கு அது தாராளம், மெரினோ அங்க பகட்டு. ஆனா நாலு நாளு குளிக்காத பனியில அது நாறும். மெரினோ நாத்தத்தை அடக்கும், ஒரே சட்டையை மூணு நாளு போட்டாலும் டென்ட்டுல கூடப் படுத்தவன் உன்னோட பேசுவான்.

ஆட்டுக்காரன் சங்கதி ஒண்ணு மட்டும் கேட்டுக்க. மெரினோவுக்குத் தோல் மடிப்பு அதிகம், பின்பக்கத்துல ஈ மொய்ச்சுப் புழு வைக்கும். அதுக்காக ஆஸ்திரேலியாவுல குட்டியோட பின்தோலை வெட்டி எடுக்கிற வழக்கம் உண்டு. நியூசிலாந்து 2018ல அதைத் தடை பண்ணிருச்சு. அட்டையில ஆர்டபிள்யூஎஸ்னு முத்திரை இருந்தா, அந்த வெட்டு இல்லாத பண்ணைக் கம்பளின்னு அர்த்தம். ரெண்டு சட்டை ஒரே விலையில இருந்தா முத்திரை உள்ளதை எடு. க்யூட்னு போட்ட நன்றிக்காவது எடு.

துவைக்கிறதைப் பத்தி உங்கம்மாகிட்டச் சொல்லாத, அவ கல்லுல அடிச்சுருவா. பச்சத்தண்ணி, மெதுவான சோப்பு, முறுக்காம அமுக்கிப் பிழிஞ்சு நெழல்ல படுக்க வச்சுக் காயப்போடு. கொடியில தொங்கவிட்டா ஈரக் கனத்துல உன்னைவிட நீளமாயிரும். வெந்நியில போட்டா இழைச் செதில் ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுச் சுருங்கி உன் பையனுக்குத்தான் ஆகும்.

கடைசியா ஒரு கவலை. மெரினோவுக்குப் பூச்சி எதிரி. அலமாரியில சும்மா கெடந்தா அந்துப்பூச்சியோட புழு தின்னு சல்லடையாக்கிரும். மெட்ராஸ்ல அதைப் போடவும் முடியாது, பூட்டி வைக்கவும் முடியாது. தை மாசம் மன்னவனூர்ல விடிகாலை உறைபனி விழுகும், தெரியுமுல்ல. திரும்பி வந்ததும் அந்த 250ஐத் தொவச்சுக் காய வச்சு பார்சல் போட்டு விட்டுரு. எனக்கு நெஞ்சு 40, அதையும் மனசுல வச்சுக்கிட்டு வாங்கு.